மூச்சுக்குக் காத்திருப்பவர்

அக்கா இருமவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு சாண் நீளத்துக்குத் தையல். நெஞ்சின் அடியில் சளி கட்டியிருக்கிறது, இருமி வெளியேற்றாவிட்டால் நுரையீரல் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இருமவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அக்கா டெய்லர். முப்பது வருடமாக அவள் தைக்கிறாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுத்துப் பட்டன் வைக்கிறேன். முந்தின நாள் கட்டு மாற்றும்போது என் கைக்கண்ணாடியை வாங்கித் தன் வயிற்றைப் பார்த்தாள்.

"அங்குலத்துக்கு ரெண்டு," என்றாள். "நான் சாக்குப்பைக்கே நாலு போடுவேன்."

"உள்ள இன்னும் ரெண்டு அடுக்கு போட்டிருக்காங்களாம்க்கா."

"உள் தையலைக் காட்டாத கடையில நான் துணி எடுத்ததே இல்ல."

காலையில் மூச்சுப் பயிற்சி கொடுப்பவர் வந்தார். மூன்று பந்துகள் அடைத்த பிளாஸ்டிக் கருவியின் குழாயை அக்காவின் வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னார். ஒரு பந்து பாதி எழுந்து விழுந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை.

"தலையணையை வயித்தோட சேர்த்துக் கட்டிப் பிடிங்கம்மா. பிடிச்சுட்டு நல்லா இருமுங்க. தையல் தாங்கும்."

"உங்க சட்டை அக்குள்ல பிரிஞ்சிருக்கு," என்றாள் அக்கா. "அதையும் தாங்கும்னு சொல்லித்தான் கொடுத்திருப்பாங்க."

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கருவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார். ஐந்து மணிக்குத் திரும்ப வருவேன் என்றார். அதற்குள் சளி வராவிட்டால் மேல்மாடியில் தீவிர சிகிச்சைக்கு மாற்றித் தொண்டையில் குழாய் போட வேண்டும்.

"போட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"போடாம சரியானா நல்லது," என்றார்.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவரை வார்டில் பாட்டுக்காரம்மா என்று அழைத்தார்கள். டிவியில் வருபவர். தனியாளாக மேடையில் நின்று, கழுத்தில் மாட்டிய சிறிய கீபோர்டை வாசித்துக்கொண்டே பாடுவார். நடுவில் பேசுவார். பேச்சு எங்கே பாட்டாக மாறியது என்று தெரிவதற்குள் அரங்கம் சிரிக்கும். இருபத்தாறு வருடம் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் தானே தூக்கி மாடி ஏறியதில் குடல் இறங்கிவிட்டது. அதற்கான ஆபரேஷன் முடிந்து அவருக்கு ஐந்தாம் நாள். ஆயாக்கள் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஜோக் சொல்லுங்க என்று கேட்டவர்களிடம், "இங்க எல்லாருக்கும் தையல்மா," என்று மட்டும் சொன்னார்.

இரண்டரை மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்த மெஷின் சத்தம் இறங்குது."

அக்காவின் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தது. அதிலிருந்து வந்த வயர் தலைமாட்டில் இருந்த திரைக்குப் போனது. நாடித் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் அது பிப் என்றது. நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். எல்லாம் ஒரே பிப்பாகத்தான் இருந்தது.

"காலையில இதைவிட மேல இருந்துச்சு. இப்ப அரை ஸ்வரம் கீழ வந்தாச்சு. சிஸ்டரைக் கூப்பிடு."

சிஸ்டர் வந்து திரையைப் பார்த்தார். காலையில் தொண்ணூற்று மூன்று. இப்போது எண்பத்தொன்பது. மூக்குக் குழாயில் ஆக்சிஜனைக் கூட்டி வைத்தார். எண் தொண்ணூறுக்கு வந்து அங்கேயே நின்றது.

"ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா சத்தமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க," என்றார் சிஸ்டர். பிறகு பாட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "பதினேழு வருஷம் வேலை பார்க்கிறேன். யாரும் காதால கண்டுபிடிச்சதில்ல."

பாட்டுக்காரம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அக்காவின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார்.

"உங்கக்கா எதுக்குச் சிரிப்பாங்க?"

அக்கா சிரிக்கிற ரகம் இல்லை.

"பேண்ட்டுக்கு அளவு கொடுக்க வர்றவங்க வயித்தை உள்ள இழுத்துப்பாங்க," என்றேன். "அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா. டேப்பைச் சுத்திப் பிடிச்சுட்டு, வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு கேப்பா. அவங்க பதில் சொல்ல வாயைத் திறந்தா வயிறு வெளிய வந்துடும். அப்பத்தான் டேப்பைப் படிப்பா. ஆள் போனப்புறம் மூக்கால சிரிப்பா."

அவர் கண்ணை மூடினார். படுக்கையின் கம்பியில் விரல்கள் லேசாகத் தட்டின. அக்காவின் தலைமாட்டு மெஷின் எந்த வேகத்தில் பிப் என்றதோ அதே வேகம்.

"போதும்," என்றார்.

"சிரிச்சா வலிக்குமேம்மா. ஏற்கெனவே அவ தையலை நம்பல."

"அதனாலதான் முதல் சிரிப்பு சின்னதா இருக்கணும். மூக்கோட நின்னுடணும். ஒரு தடவை சுருக்குன்னு வலிச்சா அதோட கதவைச் சாத்திடுவாங்க." அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "சிரிப்புன்னா வெளிய போற மூச்சு தங்கச்சி. கொஞ்சம் கொஞ்சமா முழுசையும் வெளிய எடுத்துட்டா, அடுத்தது தானா உள்ள வரும். அதை யாராலயும் நிறுத்த முடியாது. உங்கக்காவாலயும் முடியாது. அது அடி வரைக்கும் போகும்."

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"படிக்கறதா. முதல்ல நான் ஹோட்டல்ல பாடினேன். சாப்பிடுறவங்க யாரும் நிமிர மாட்டாங்க. ஒரு நாள் ஏழாம் டேபிள்காரர் பில்லுக்குக் கையைத் தூக்கிட்டே இருந்தார். பாட்டோட பாட்டா, ஏழாம் டேபிளுக்கு இன்னும் பில்லு வரலன்னு பாடினேன். மொத்த ஹோட்டலும் திரும்பிச்சு. அதை நம்பித் தனியா மேடை ஏறினேன். ஒரு வருஷம் ஒருத்தரும் சிரிக்கல. சிரிக்காதவங்களும் மூச்சு விட்டுத்தானே ஆகணும். அதையே பார்த்துட்டிருந்தேன். வேற வேலை இல்ல."

நான் ஒரு முறை அவருடைய நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறேன். அறுநூறு பேர் இருந்தோம். எங்கள் சிரிப்பு ஓயும் முன்பே அடுத்த வரியைத் தொடங்கிவிடுவார். ஆனாலும் ஒரு சொல்கூட அமுங்கியதில்லை. நல்ல காது என்று நினைத்திருந்தேன். அவர் எங்களுடைய மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அறுநூறு பேரின் மூச்சை.

பாட்டுக்காரம்மா ஒரு துண்டை நான்காக மடித்துத் தன் அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு நான்கு அடி நடந்து வந்து அக்காவின் படுக்கையருகே என் ஸ்டூலில் உட்கார்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"நீங்க பாடக் கூடாது," என்றார் சிஸ்டர்.

"பாடல சிஸ்டர். முனகப் போறேன்."

சிஸ்டர் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். தடுக்கவில்லை. போகவும் இல்லை. கையில் சளி பிடிக்கும் தட்டை எடுத்துக்கொண்டு நின்றார்.

"டெய்லரம்மா," என்றார் பாட்டுக்காரம்மா. "உங்க கடைக்கு ஒருத்தர் வந்தாராமே, பேண்ட் தைக்க."

அக்கா கண்ணைத் திறந்தாள். "யாரு?"

அவர் முனகத் தொடங்கினார். ஒரு அடி தள்ளி நின்றால் கேட்காது. மெஷினின் பிப் எந்த ஸ்வரமோ அதிலேயே தொடங்கி, அதைச் சுற்றியே போனது.

*முப்பத்தி நாலுதான் எழுதும்மா – அவர்*
*மூச்சைப் பிடிச்சுட்டுச் சொன்னாரு*
*முப்பத்தி நாலா, சரிங்கய்யா – வீட்ல*
*மூத்தவன் என்ன படிக்கிறான்*

நிறுத்தினார். மெஷின் பிப் என்றது.

*சின்னவன்?*

பிப்.

*கட்டின வீட்டுக்குக் கதவு போட்டாச்சா?*

பிப்.

அக்காவின் மூக்கிலிருந்து காற்று வந்தது. அவ்வளவுதான். கை தானாக வயிற்றுக்குப் போனது. எதுவும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அங்கேயே கிடந்தது. பாட்டுக்காரம்மா அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்வை விலாவிலேயே இருந்தது.

பாட்டின் அடுத்த அடியில் டெய்லர் டேப்பை வலது கையில் பிடித்தாள்.

"இடது கை," என்றாள் அக்கா.

*இடது கையில டேப்பு – டெய்லர்*
*எடுத்துச் சொன்னா கேக்கணும்*
*வலது கையில என்னம்மா?*

"பென்சில்."

*காதுல இல்லியா பென்சிலு?*

"காதுல வைக்கிறவன் அரைகுறை. தலையை ஆட்டினா கீழ விழும், குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள அளவு மறந்துடும்," என்றாள் அக்கா.

மூன்று நாட்களில் அவள் இவ்வளவு நீளமாக எதுவும் பேசியிருக்கவில்லை. பேசி முடித்தபோது மூச்சு தீர்ந்திருந்தது. அதற்காகத்தான் டேப்பு வலது கைக்குப் போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாட்டுக்காரம்மா அவளை மூச்சு எடுக்க விடவில்லை. அரைகுறை டெய்லரின் பென்சில் பாட்டுக்குள் வந்து விழுந்தது. அக்கா மூக்கால் சிரித்தாள். வாடிக்கையாளர் குனிந்து எடுத்துத் தர முடியாமல் பொம்மை மாதிரி நின்றார். அக்காவின் தோள் குலுங்கியது. ஒவ்வொன்றும் முந்தினதைவிட நூல் அளவு பெரிது. ஒன்றுகூடத் தையலுக்குப் போகவில்லை. எதிர்ப் படுக்கைகளில் இருந்தவர்கள் தலையைத் திருப்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கவனமாகச் சிரித்தார்கள்.

*எல்லாம் சரிங்க, ஒண்ணு சொல்லுங்க*
*ஆபீஸ் போறது எந்த பஸ்ஸுல?*

இதற்குப் பிப் பதிலாகாது.

பாட்டுக்காரம்மா கன்னத்தை உப்பினார். தோளை ஏற்றினார். வயிற்றை இழுத்துக்கொண்டவரின் முகம் அவர் முகத்தில் வந்தது. அப்படியே இருந்தார். வார்டில் யாரும் மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லை. மெஷின் மட்டும் ஒலித்தது. ஒன்பது எண்ணினேன்.

"பட்டன்," என்றார், மிக மெதுவாக.

அக்கா சிரித்தாள். சத்தம் இல்லை. சட்டையைப் பிழிவதுபோல மிச்சம் இருந்த காற்றெல்லாம் வெளியே போனது. பாட்டுக்காரம்மா ஒரு கையைத் தூக்கினார். யாரும் எதுவும் செய்யாதீர்கள் என்று பொருள். அவர் காத்திருந்தார். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எதற்கெல்லாமோ காத்திருந்து பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு காத்திருப்பைப் பார்த்ததில்லை. கண், கழுத்து, தூக்கிய கை எல்லாம் அக்காவின் விலாவில் இருந்தன.

விலா விரிந்தது. மூச்சு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது, அடியில் எங்கோ முட்டியது.

அக்கா இருமினாள்.

நான் தலையணையை அவள் வயிற்றோடு சேர்த்து அழுத்தினேன். இரண்டாவது இருமல். மூன்றாவது. சிஸ்டர் தட்டை வாயருகே பிடித்தார். கட்டியாக, பச்சையாக வந்து விழுந்தது. அக்காவின் கண்களில் நீர் வழிந்தது. என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

பேச முடிந்ததும், "பாரு," என்றாள்.

துணியை விலக்கிப் பார்த்தேன். "அப்படியே இருக்குக்கா."

"ஓரத்துல?"

"ஓரத்துலயும்."

"நூல் நல்ல நூல் போலிருக்கு," என்றாள். "போட்டவருக்குத்தான் கை வரல."

பாட்டுக்காரம்மா மெஷினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதே பாட்டை மறுபடி தொடங்கினார். இப்போது எனக்கே தெரிந்தது. சற்று மேலே தொடங்கியிருந்தார். பிப்பும் அங்கேதான் இருந்தது. திரையில் தொண்ணூற்றிரண்டு. சிஸ்டர் எண்ணையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டை வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தார்.

அந்தத் தடவை அக்கா இரண்டு முறை இருமினாள்.

சிஸ்டரும் நானும் பாட்டுக்காரம்மாவைத் தாங்கிப் படுக்கைக்குக் கொண்டுபோனோம். உதடு வெளுத்திருந்தது. துண்டைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"பாடினதுதான் வலி. நான் என் பாட்டுக்குச் சிரிக்கறதில்ல, அதனால பிழைச்சேன்," என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "இனிமே அவங்களே பாத்துப்பாங்க."

பிறகு அக்கா தலையைத் திருப்பினாள்.

"அந்த ஆளு இடுப்பு கடைசியில எவ்வளவு?"

"முப்பத்தெட்டு," என்றார் பாட்டுக்காரம்மா, கண்ணைத் திறக்காமல்.

"நாப்பதுக்குக் குறையாது. பட்டன் தெறிச்சிருக்குல்ல."

பாட்டுக்காரம்மா துண்டை இரண்டு கையாலும் வயிற்றில் அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. "டெய்லரம்மா, வேண்டாம்," என்றார். "எனக்கும் தையல்."

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். திரையைப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து முன்னும் பின்னும் கேட்டார்.

"இருமினீங்களாம்மா?"

"சந்தேகமா இருக்கா," என்றாள் அக்கா. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தலையணையைத் தானே இழுத்து வயிற்றோடு கட்டிக்கொண்டாள்.