ராக்காயி, மாரிமுத்துவின் மகள்

கூடலூரிலிருந்து சுரேன் அனுப்பிய இணைப்பை ஜீவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் திறந்து பார்த்தான். சுரேன் அவனுடைய தாய்மாமன் மகன். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன தாத்தா மாரிமுத்துவின் சந்ததியை எல்லாம் சுரேன் ஒரு வம்சாவளி மென்பொருளில் சேர்த்துக்கொண்டிருந்தான். “எங்க பக்கம் முடிஞ்சிருச்சு மச்சான். அத்தை பக்கத்த நீங்கதான் நிரப்பணும்” என்று குரல் செய்தியும் வந்திருந்தது.

ஜீவன் ஹாலிஎலயில் கணித ஆசிரியன். காலியான கட்டத்தைக் கண்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. மென்பொருள் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பெயர் கேட்டது: பிறந்த வீட்டுப் பெயர், திருமணத்துக்குப் பிந்தைய பெயர். தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் குடும்பப் பெயர் இருந்தது? முதல் கட்டத்தில் தகப்பன் பெயரையும் அடுத்ததில் புருஷன் பெயரையும் போடுவதென்று சுரேன் ஒரு முறை வைத்திருந்தான். மாரிமுத்து அங்கம்மா, இராசையா அங்கம்மா என்று ஜீவன் அம்மாவுக்கு எழுதி முடித்தான். அப்போதுதான் பக்கத்திலிருந்த இன்னொரு கட்டம் கண்ணில் பட்டது. சுரேன் முன்பே நிரப்பி வைத்தது.

மாரிமுத்து ராக்காயி. பிறப்பு 1960. இறப்பு 1977. திருமணமாகவில்லை.

அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்ததாக அவன் கேள்விப்பட்டதே இல்லை. குசினிக்குப் போனான். அம்மா லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள்.

“அம்மா, ராக்காயின்னா யாரு?”

கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை.

“யாரு சொன்னா?”

“சுரேன் எழுதியிருக்கான். ஒன் தங்கச்சியாம். பதினேழு வயசுல செத்துப்போச்சாம்.”

“அங்க போயும் அப்பா அப்படித்தான் சொல்லியிருக்காரு” என்றாள் அம்மா, தனக்குத்தானே சொல்வதுபோல. அரிந்ததை ஒருபக்கமாக ஒதுக்கினாள். கையைச் சேலையில் துடைத்தாள். “ராக்காயி சாகலடா. நாந்தான் ராக்காயி.”

வயதின் தடுமாற்றம் என்றுதான் ஜீவன் முதலில் நினைத்தான். ஆனால் அவள் தடுமாறாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அங்கம்மா அவளுடைய அக்கா, ஏழு வயது மூத்தவள், ஜீவனின் அப்பா இராசையாவின் மனைவி. அவர்கள் இருவருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. தகப்பன் மாரிமுத்துவும் அவரோடிருந்த பிள்ளைகளும் இந்தியாவுக்குப் போகிறவர்களின் பட்டியலில் இருந்தார்கள். கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. அந்த மாதம் அங்கம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள் காய்ச்சல் கண்டு, லயத்துக் காம்பராவிலேயே, அந்த ஒற்றை அறையிலேயே, அவள் கண்ணை மூடினாள்.

“நீ எங்கிட்ட மட்டுந்தான் அடங்குவ” என்றாள் அம்மா. “ராக்காயியா இருந்தா நான் கப்பல் ஏறணும். அங்கம்மாவா இருந்தா இங்கயே இருக்கலாம். எங்கப்பாவும் ஒங்கப்பாவும் பேசினாங்க. செத்தது ராக்காயின்னு எழுதிட்டாங்க. தம்பிக்கு அப்ப வெவரந்தெரியாத வயசு.”

“ஒன்னைய யாரும் கேக்கலையா?”

“கேட்டாங்க. சரின்னுதான் சொன்னேன். ஒன்னைய மடியில வச்சிருந்தேன். வேற என்னத்தச் சொல்ல?” கழுத்தைத் தொட்டாள். “இதுவும் அக்கா தாலிதான். அவ கழுத்துல இருந்து எடுத்து எனக்குக் கட்டினாரு.”

இராசையா இறந்து எட்டு வருடமாகியும் அவள் அந்தத் தாலியைப் பெட்டியில் வைக்காமல் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே போட்டிருந்தது ஏன் என்று ஜீவனுக்கு அப்போது புரிந்தது. அப்பா அவளை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. எப்போதும் “ஏ புள்ள”தான். ஐம்பத்து மூன்று வயதிலேயே, காகிதத்தில் அறுபது ஆகிவிட்டதென்று தோட்டத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். அம்மா பின்னாலேயே வந்து நின்றாள்.

“என்ன செய்யிற?”

“சரியா மாத்தி எழுதுறேன்.”

“அப்ப அக்காவுக்கு என்ன எழுதுவ?”

அவன் அங்கம்மாவின் கட்டத்தைத் திறந்தான்.

“வேணாம்டா. அவ பேருலதான் காலையில பெரட்டுல ஆளெண்ண நின்னேன், கொழுந்தெடுத்தேன், ஓட்டுப் போட்டேன். ஒன்னையப் பள்ளிக்கூடத்துல சேக்க அவ பேரத்தான் சொன்னேன். நாப்பத்தேழு வருசம் அவ உசுரோட இருந்துட்டா. இப்ப போயிச் சாகடிக்காத.”

ஜீவன் கணினியை மூடினான்.

அடுத்த மாசியில் அம்மா இறந்தாள். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள். மரணப் பதிவில் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதினார்கள்: இராசையா அங்கம்மா, வயது எழுபத்தொன்று. உண்மையில் அறுபத்து நான்கு. சொல்லி விளங்கவைக்க வழியில்லாமல் அவன் கையெழுத்திட்டான்.

அவள் கேட்டிருந்தபடியே, அவள் வேலை செய்த லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் “அங்கம்மா, அங்கம்மா” என்று மாரடித்து அழுதார்கள். செவனம்மா என்ற கிழவி மேல் லயத்திலிருந்து மெதுவாக இறங்கி வந்தாள். சின்ன வயதில் அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவர்களில் கப்பலேறாமல் மிஞ்சியவள். கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“ராக்கு… அடி ராக்கு, எந்திரிடி…”

“கெழவிக்கு ஆளு தெரியல” என்று யாரோ அவளைத் தூக்க வந்தார்கள். “விடுங்க, இருக்கட்டும்” என்றான் ஜீவன். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது.

கருமாதி முடிந்ததும் சுரேனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

“தாத்தா சாகுற வரைக்கும் வருசா வருசம் ராக்காயி பேரச் சொல்லிப் படையல் போட்டாரு மச்சான்” என்றான் சுரேன். “உசுரோட இருந்தவங்களுக்கா போட்டாரு?”

“அது எங்கம்மா… அங்கம்மாவுக்குப் போட்டதா இருக்கும்.”

இனி மறைக்க ஒன்றுமில்லை. மரணப் பதிவிலேயே அங்கம்மா இறந்தாயிற்று. ஜீவன் அவளுக்கு இறப்பு 1977 என்று எழுதினான். ராக்காயிக்கு இருந்த இறப்பு ஆண்டை அழித்து 2025 என்று மாற்றினான். திருமணத்துக்குப் பிந்தைய பெயரில் இராசையாவைச் சேர்த்தான். தன்னை இருவருக்கும் கீழே இணைத்தபோது, பெற்ற தாய் யார், வளர்த்த தாய் யார் என்று மென்பொருள் கேட்டது. அதையும் நிரப்பினான்.

“ரெண்டு பேரோட படமும் அனுப்புங்க மச்சான்” என்று சுரேன் செய்தி அனுப்பியிருந்தான்.

ராக்காயிக்கு அடையாள அட்டைப் படம் இருந்தது. அங்கம்மாவை யாரும் படமே எடுத்ததில்லை. அவள் முகம் எப்படியிருந்திருக்கும் என்று ஜீவன் நினைத்துப் பார்த்தான். வளர்த்தவளின் முகந்தான் திரும்பத் திரும்ப வந்தது.