பச்சை கேட் வீட்டு முன்னால் நிற்பவர்

1.

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. இரத்தக்குழாய் மருத்துவரான என் அக்கா சாப்பிடும்போது வாய்தவறிச் சொன்னது. நான் எழுதுவேன் என்று தெரிந்தே சொன்னாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் வரி: 'தினமும் காலை ஆறரைக்கு அந்தப் பச்சை கேட் முன்னால் ஒரு மர்ம' (வேண்டாம். துப்பறியும் கதை வாடை.)

2.

ஓய்வுபெற்ற அச்சக மேலாளர் ஒருவர், பிரஷர் மாத்திரை வாங்க மனைவியோடு அக்காவிடம் வருகிறார்.

"மாத்திரை கெடக்கட்டும் டாக்டர். வாக்கிங் போறேன்னுட்டு தெனமும் ஒரு வீட்டு முன்னாடி நிக்கிறாரு. பின்னாடியே போய்ப் பாத்துட்டேன்."

"எந்த வீடு?"

"போன வருஷம் பச்சை கேட் வீடு. பாட்டு டீச்சர் இருக்காங்க. இப்ப அவ்வளவு தூரம்கூடப் போறதில்ல, தையல்காரம்மா வீட்டோட சரி. ஆளையே மாத்திட்டாரு!"

அக்கா சிரிக்கவில்லை. குனிந்து அவர் இடது பாதத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. நாடி கிடைக்கவில்லை.

"நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதா? நின்னா விட்டுடுதா?"

அவர் சுவரைப் பார்த்தார். கால் இரத்தக்குழாயில் அடைப்பு, இதயத்திலும் இருக்கலாம், உடனே டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று அக்கா சீட்டு எழுதினாள்.

(வேவு பார்த்தவள் சொன்னதைவிடத் துல்லியமாக எந்த நோயாளியும் சொன்னதில்லையாம்.)

3.

இங்கேதான் இந்த ஆளை நம்ப முடியவில்லை. ஒரு வருடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? மூன்று காரணம் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். மனைவி வெளியே போனதும் அவர் அக்காவிடம் சொன்னது இதுதான்:

"நொண்டின்னு நெனைக்கிறதுக்கு, மைனர்னே நெனைச்சுட்டுப் போகட்டும் டாக்டர்."

டெஸ்டுக்கு அடுத்த மாதம் வருகிறாராம். மனைவிக்கோ இப்போது டாக்டர் மேலேயே சந்தேகம்: "பொம்பள டாக்டரு. அவங்களையும் கைக்குள்ள போட்டுட்டாரு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, இரண்டு பேர் மேலும்.

4.

முடிவு அ: டெஸ்ட் எடுத்தார், பிழைத்தார். (என் பேனாவே நம்பவில்லை.)

முடிவு ஆ: ஒருநாள் தையல்காரம்மா வீட்டு வாசலில் அவர் (இல்லை. எழுத மாட்டேன்.)

இனி வருவது என் கற்பனை, அக்காவைக் கேட்காதீர்கள். இன்று காலை மனைவியும் கூடவே கிளம்பினார். கணவரோ சொந்த வீட்டு கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"இங்க யாரைப் பாக்கறீங்க?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சொன்னார்: "உன்னைத்தான்."

மனைவி வெட்கப்படுவாரா, உள்ளே ஓடிப்போய் அந்த டெஸ்ட் சீட்டை எடுப்பாரா? நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.