அரசர் தராத ஒரு நாள்

அரசர் இந்த மண்ணில் இருக்கும் வரை டேடாவைக் கொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் டேடாவின் அண்ணன் என் அண்ணனைச் சுட்டுக் கொன்றுவிட்டுக் கடல் தாண்டி ஓடிப்போனான். சுட்டவன் கைக்குக் கிடைக்காவிட்டால் பழி அவன் தம்பி தலையில் விழும். எங்கள் மலைகளில் அப்படித்தான். அதைத் தீர்க்க வேண்டியவன் நான்.

அந்த வசந்தத்தில் வல்லரசுகள் எங்கள் புதிய நாட்டுக்கு அரசரை அனுப்பின. ஆடல்பெர்ட் என்ற வடதேசத்து இளவரசர். துர்ரஸ் துறைமுகத்தில் இறங்கியதும் மெய்க்காவலுக்கு மலை ஆட்களைக் கேட்டார். ஒருவருக்கொருவர் பழி இல்லாத இருபது பேரை எங்கள் மலைகளில் எங்கே தேடுவது? அதனால் நானும் டேடாவும் உட்படக் காவலுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த வாக்கைக் கொடுத்தோம். மொழிபெயர்ப்பாளர் ஸெஃப் அதை விளக்கியதும் அரசர் என்னையும் டேடாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் போக நேர்ந்தால்?" என்று கேட்டார்.

"அப்புறம் பழையபடிதான்," என்றான் டேடா. எல்லோரும் சிரித்தோம். அரசர் சிரிக்கவில்லை. நெஞ்சில் கை வைத்து, போவதானால் ஒரு நாள் முன்பே எங்களிடம் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். ஒரு நாள் போதும். வேகமாக நடப்பவன் அதற்குள் பழிக்கு எட்டாத தன் வீட்டுக் கல்கோபுரத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அவரை எனக்குப் பிடித்திருந்தது. அரண்மனைக்குப் பின்னால் இருந்த சதுப்பில், பளபளக்கும் காலணியுடன் சங்கிலி பிடித்து நிலம் அளப்பார். ரயில் நிலையம் கட்டப் போகிறாராம். "இங்கே மணி," என்று வரைபடத்தைக் காட்டுவார். பயணிகள் உட்காரும் பலகைகளைக்கூட வரைந்து வைத்திருந்தார்.

டேடாவும் நானும் ஒரே வாசலில் நின்றோம். அவன் புகையிலையை நான் புகைத்தேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது என் முறைக்கும் சேர்த்து அவனே நின்றான்.

ஆவணி பிறந்ததும் கலகக்காரர்களின் பீரங்கிகள் சதுப்புக்கு அப்பால் முழங்கத் தொடங்கின. அரசி காய்ச்சல் என்று சொல்லிக் கப்பலேறினாள். அந்தச் சமயத்தில் ஒருநாள் என் சித்தப்பா மராஷ் ஊரிலிருந்து வந்தார். காப்பிக் கடையில், எல்லோர் முன்னாலும், கோப்பையை என் கையில் தராமல் தன் முழங்காலுக்கு அடியில் நீட்டினார். பழி தீர்க்காதவனுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள்.

"குடிடா. உங்க அண்ணன் மண்ணுக்குள்ள இருக்கான். நீ டேடா புகையிலையில புகை விட்டுக்கிட்டு இரு."

"வாக்கு இருக்கு, சித்தப்பா."

"இருக்கும் இருக்கும். எத்தனை நாளைக்குன்னு பாக்குறேன்."

மறுநாள் காலை அரசர் பயண உடையில் கீழே வந்தார். வாசலில் நான்கு பெட்டிகள் இருந்தன. கப்பல் தலைவருடன் விருந்துக்குப் போவதாகவும் மாலையில் திரும்பிவிடுவதாகவும் ஸெஃப் சொன்னார். கனமான பெட்டியை டேடா தோளில் தூக்கிக்கொண்டான்.

"விருந்துக்கா இவ்வளவு? உள்ள ரயிலையே வச்சிருக்காரா?"

"மூடிக்கிட்டு நட," என்றேன் சிரித்தபடி.

படகுத்துறையில் அரசர் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். என் கையைச் சட்டென்று விட்டவர், டேடாவின் கையை வெகுநேரம் பிடித்திருந்தார். டேடாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, என்னைத்தான் அவருக்குப் பிடிக்கும்," என்றான்.

படகு கப்பலைச் சேர்ந்தது. சிறிது நேரத்தில் கப்பல் புகைவிட்டு நகர்ந்தது. விருந்துக்கு நிற்கும் கப்பல் ஏன் நகர்கிறது? திரும்பிப் பார்த்தேன். அரண்மனைக் கூரையிலிருந்து கொடியை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஸெஃப் ஒரு கயிற்றுச் சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வர மாட்டாருப்பா."

"மறந்துட்டாரா? எங்ககிட்ட சொல்றேன்னாரே?" என்றேன்.

"மறக்கல. நேத்து ரெண்டு தடவை கேட்டாரு, அந்த ரெண்டு பேருக்கும் என்ன ஆகும்னு. நான் சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடும், கலகக்காரங்க படகை மறிப்பாங்கன்னு பயந்தாரு. அப்புறம், சாயங்காலம் வருவேன்னு சொல்லிடுன்னாரு."

டேடா தன் தோளைத் தடவிக்கொண்டான். பெட்டி அழுத்திய இடம் சிவந்திருந்தது. பிறகு என்னிடமிருந்து இரண்டடி விலகி நின்றான். அவன் கண் என் துப்பாக்கிமேல் இருந்தது.

"உங்க சித்தப்பா எதுக்கு நேத்து வந்தாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு மாசமா வராதவரு. சரியா நேத்து."

"டேடா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"அரசரும் நெஞ்சுல கை வச்சுத்தான் சொன்னாரு."

துறையின் மறுமுனையில் சித்தப்பா வருவது தெரிந்தது. அவசரமே இல்லாமல் நடந்து வந்தார்.

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும் என் வாக்கு," என்றேன். இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். "சித்தப்பா உன்மேல கை வைக்கணும்னா முதல்ல என்னைத் தாண்டணும். போ. கோபுரத்துக்குள்ள போயிடு."

"நாளைக்கு அப்புறம்?"

நான் சித்தப்பா வரும் பக்கம் பார்த்தேன்.

அவன் தலையாட்டினான். மலைப்பாதையை நோக்கி நடக்கத் தொடங்கினான், முகம் என் பக்கமாக, முதுகு பாதைப் பக்கமாக. துப்பாக்கியை அவன் பார்க்கும்படி தரையில் வைத்துவிட்டு இரு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவன் ஒரு கல்லில் தடுக்கிச் சாயப் பார்த்தான். சமாளித்துக்கொண்டான். அப்போதும் திரும்பி நடக்கவில்லை. மீன் காயப்போட்டிருந்த முற்றங்களையும் கடைசிக் கிணற்றையும் பின்னோக்கியே கடந்து போனான்.