மூத்த உடலும் இளைய உடலும்

இரட்டை உடல் விசைப்படகில் எந்த உடல் முதலில் வார்ப்பு அச்சைவிட்டு வெளியே வருகிறதோ அது மூத்தது, மற்றது இளையது. அதனால் தூத்துக்குடியில் எங்கள் பட்டறையில் இரண்டு கிரேன் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கிவிடுவோம். இரட்டைப் பிள்ளைகளுக்குள் பெரிய மரியாதை ஒன்றும் இருக்காது, படகு நேராகப் போகும். படகு வடிவமைப்பில் நான் படித்த மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ரெஜினா வில்லவராயர் உப்பளங்களை விற்றுவிட்டுச் சும்மா இருந்த காலத்தில் எங்களிடம் வந்தார். அவருடைய தம்பி லியோ மாலத்தீவில் பேக்கரி வைத்திருந்தார். பல வருடங்களுக்கு முன் அங்கே வீடு கட்டி, புதுமனை புகுவிழாப் பத்திரிகையை அக்காவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். நேரில் வந்து அழைக்காத வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றார் அக்கா. கூடப் பிறந்தவளுக்கு என்ன அழைப்பு என்றார் தம்பி. அதோடு பேச்சு நின்றது. இப்போது தம்பிக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று யார் மூலமோ தகவல் வந்திருந்தது. அக்கா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த வீட்டுக்குப் போகவும் கூடாது.

ஆகவே தன் வீட்டையே படகாகக் கட்டி அவன் துறைக்குக் கொண்டுபோய் நிறுத்துவது என்று முடிவெடுத்திருந்தார். தம்பி படகில் ஏறினால் அவன்தான் அக்கா வீட்டுக்கு வந்ததாகக் கணக்கு. இதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. வரைபடம் போட உட்கார்ந்தேன்.

ஒற்றை உடல் படகு அலையில் சாயும். மீன் குழம்புச் சட்டி சாய்வதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் பொறுத்துக்கொள்ள மாட்டார். எனவே இரட்டை உடல். இடது உடலில் அக்காவின் அறை, வலது உடலில் தம்பியின் அறை, இரண்டையும் இணைக்கும் தளத்தில் கூடமும் சமையலறையும். கிரைண்டரைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினோம். அம்மாவின் தேக்கு பீரோ தன் அறைக்கு வேண்டும் என்றார். படகு இடப்பக்கம் தாழ்ந்துவிடும் என்று நான் தலையைச் சொறிந்தேன். அப்படியானால் அதே எடைக்குத் தம்பி அறையில் அரிசியும் கருவாடும் ஊறுகாய் ஜாடியும் வைத்துவிடச் சொன்னார். அந்த அறையின் கூரை எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டதற்கு என் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டினார். லியோ போகிற இடமெல்லாம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறவராம்.

அச்சைப் பிரித்த அன்று நான் குளியலறைக் குழாய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மேஸ்திரி கொம்பையா இடது உடலைத் தூக்கி வெளியே வைத்ததும் ராகு காலம் தொடங்கிவிட்டது. அவர் வலது கிரேனை நிறுத்தி எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார். ராகு காலம் கழிந்து வலது உடல் வெளியே வந்தபோது இடது உடல் அக்காவாகியிருந்தது. நான் திரும்பி வந்து பார்க்கையில் தம்பி ஒரு முழம் பின்னால் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

"நல்ல நேரம் பாத்தது ஒரு தப்பா சார்?" என்றார் கொம்பையா. எனக்கு நல்ல கோபம். அவர் நீட்டிய டீயைத் தொடவில்லை.

இனி மாற்ற முடியாது. தளத்தைப் போட்டு இணைத்தோம், உடலுக்கு ஒன்றாக இன்ஜின் வைத்தோம், துறைமுகத்துக்கு வெளியே வெள்ளோட்டம் விட்டோம். அக்காவை முந்தக் கூடாது என்று வலது உடல் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தது. படகு வலப்பக்கமாகச் சுற்றியது. வலது இன்ஜினை முடுக்கினால் அது கூச்சப்பட்டு இன்னும் பின்வாங்கியது. ஒரு மிதவையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் அது எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது. ரெஜினா கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் நாள் நெருங்குகிறது என்பதை மட்டும் நினைவூட்டினார்.

வழி சொன்னவரும் கொம்பையாதான். அக்கா உடலையும் தம்பி உடலையும் சம்பந்தி ஆக்கிவிட்டால் இருவரும் சமம். அக்காவின் பின்புறம் தொங்கிய ரப்பர் படகு பெண். தம்பி வைத்திருந்த நங்கூரம் மாப்பிள்ளை. அத்தை மகள், மாமன் மகன் என்று முறையும் சரியாக இருந்தது. கல்யாணத்தை எளிமையாக முடித்தோம். ரெஜினா பிரியாணி போட்டார். நானும் கொம்பையாவோடு ராசியாகி டீ குடித்தேன்.

மறுநாள் மிதவையருகே இரண்டு இன்ஜினும் ஒரே சீராக ஓடின. படகு நகரவில்லை. சம்பந்திகள் ஆயிற்றே, நீங்கள் முதலில் போங்கள் என்று இடது உடல் காத்திருந்தது. நீங்கள் போகாமல் நானா என்று வலது உடல் காத்திருந்தது. டீசல் மட்டும் தீர்ந்துகொண்டிருந்தது.

ரெஜினா சமையலறையில் கிரைண்டர் மேல் கையை ஊன்றி நின்று அழுதார். மறைக்கவெல்லாம் இல்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"லியோ, அக்கா பேசுதேன். உன் வீட்டுக்கு நானே வாரேன். யாரும் அழைக்க வேண்டாம்."

எதிர்முனையில் அலைச் சத்தம் கேட்டது. "கொஞ்சம் பொறுக்கா," என்றது ஒரு குரல். "நேர்ல அழைக்கத்தான் வந்துட்டிருக்கோம்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டார் ரெஜினா.

மாலையில் தெற்கே கடலில் லியோவின் வீடு வருவது தெரிந்தது. வெள்ளையடித்த மாடி வீடு. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அஸ்திவாரம் ஆழமானது என்பதால் கப்பல் வழியை விட்டு விலகாமல் கவனமாக வந்து நின்றது. வாசல்படியில் லியோ வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தார். தட்டில் அவர் பேக்கரி மக்ரூனும் இருந்தது. கொம்பையா கயிறு வீச, லியோ படகில் ஏறி அக்காவின் முன் தட்டை நீட்டினார்.

"புது வீட்டுக்கு நீ அவசியம் வரணும்க்கா."

"வராம என்ன," என்று ரெஜினா தட்டை வாங்கிக்கொண்டார். தம்பி இளைத்துப்போயிருந்தார். நெஞ்சு அதிகம் வலிக்கிறதா என்று அக்கா கேட்டதற்கு, இப்போது இல்லை என்றார். குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வலது உடலில் இருந்த அறைக்குப் போனார். தலை எங்கேயும் இடிக்கவில்லை. படுத்ததும் தூங்கிவிட்டார்.

ஆள் இல்லாத வீடு மெல்லத் தெற்கே திரும்பிப் புறப்பட்டது. அது கட்டிப் பல வருடம் ஆன வீடு. சம்பந்திகள் இருவருக்குமே மூத்தது. பெரியவர் முன்னால் போகவும் எங்கள் படகின் இரண்டு உடல்களும் மரியாதையோடு ஒரே அளவு பின்தங்கி, கிளம்பி, கோடு போட்டது போல நேராக அதன் பின்னால் போயின. நான் சுக்கானைக் கொம்பையாவிடம் விட்டுவிட்டு ஒரு மக்ரூன் எடுத்துக்கொண்டேன். திரும்ப வேண்டிய இடம் வரும்போதெல்லாம் வீடு அந்தப் பக்கத்துப் படுக்கையறை விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது.