அல்லா பிச்சையின் வலக்காது

1

இக்கதை ஒரு மருந்துக்கடையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். காதுக்குச் சொட்டு மருந்து கேட்டேன்.

"அடைப்பா, வலியா, சீழா?" என்றார் கடைக்காரர்.

அடைப்பு என்றேன்.

"குச்சி விட்டீங்களா?"

இல்லை என்றேன். அப்பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள், 1900ஆம் ஆண்டுத் திருவில்லிபுத்தூர்க் கடைவீதியில் ஒருவர் தம் காதுக்குள் எதையோ நுழைப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்தை மேசைமீதே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஆடி மாதத்து வைகறையில், மேற்குமலை முகட்டில், இளங்கதிர்...' மலைக்குக் காதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: அல்லா பிச்சை அத்தரும் காதுத் தைலமும் விற்றார். இது நிற்கட்டும்.

அவருடைய இடக்காது சிறுவயதில் சீழ் வடிந்து அத்தோடு கேளாமல் அடங்கிப்போனது. எல்லாவற்றுக்கும் வலக்காதுதான். அதன் மடிப்பில், அத்தர் பூசுவோர் வழக்கப்படி, அத்தரில் நனைத்த பஞ்சு எப்போதும் செருகியிருக்கும். தைலம் வாங்க வருவோரிடம், "வெதுவெதுப்பா ரெண்டு சொட்டு போதும். குச்சி, கோழியெறகு எதையும் உள்ள விடாதிய. சீழ் வடிஞ்சா தைலமே ஆகாது, வைத்தியரப் பாருங்க" என்பார்.

நல்ல அறிவுரை. ஒருநாள் காது அரித்தபோது குறும்பிவாங்கியைத்¹ தாமே உள்ளே விட்டார். மடிப்பிலிருந்த பஞ்சு துளைக்குள் நழுவியதை அவர் அறியவில்லை. கருவி அதை இன்னும் உள்ளே தள்ளியது. அடைப்பு நீங்கத் தம் தைலத்தையே விட்டார். பஞ்சு ஊறிப் பருத்தது. உலகம் கதவைச் சாத்திக்கொண்டது.

[¹ காதழுக்கு எடுக்கும் சிறு பித்தளைக் கரண்டி. என்னிடமும் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசவேண்டாம்.]

3

மறுநாள் இராஜபாளையத்தில் அவருடைய அக்காள் மகள் மைமூனுக்கு நிக்காஹ். அல்லா பிச்சை சாட்சி. திரைக்குப் பின்னிருக்கும் பெண்ணின் சம்மதத்தைக் காதால் கேட்டுச் சபையில் சொல்வதே சாட்சியின் வேலை.

போன மாதம், காது நன்றாயிருந்தபோது, மைமூன் கடைக்கு வந்து சொன்னது அவருக்கு நினைவிருந்தது. "எல்லாரும் மாப்பிள்ளையப் பத்தி விசாரிச்சாவ மாமு. என்னய யாரு விசாரிச்சா? விசாரிச்சாத்தானே நான் வாயத் தொறக்க?"

சாட்சி வேண்டாமென்று அவர் விலகியிருக்கலாம். (விலகச் செய்து ஒரு பக்கம் எழுதினேன். கதை அங்கேயே படுத்துவிட்டது.) ஆனால் காது மருந்து விற்பவருக்கே காது கேட்கவில்லை என்றறிந்த ஊரில், அவர் பிறகு எதை விற்பது?

வண்டிக்காரன் இருளப்பசாமி வழியெல்லாம் பேசினான். அல்லா பிச்சை வழியெல்லாம் தலையாட்டினார். இராஜபாளையத்தில் இறங்கியதும் இருளப்பசாமி அவருடைய புதுக்குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஏலே, குடைய எங்க கொண்டு போறே?"

அவன் ஏதோ சொன்னான், பிறகு அவருடைய வலக்காதருகே வந்து கத்தினான். கிணற்றடியிலிருந்து வருவதுபோல் எட்டியது.

"தருவியளான்னு கேட்டேன், ஆட்டுனிய! நெசமாவான்னு கேட்டேன், அதுக்கும் ஆட்டுனிய! அத்தர்ப் பெட்டியக் கேக்கதுக்குள்ள ஊரு வந்துட்டு!"

அல்லா பிச்சை, ஆட்டிய தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். குடைக்காக அன்று.

4

பெண்ணிடம் கேட்கும் பொறுப்பு சேக் முகைதீனுடையது. அவர் மைமூனின் தந்தைக்குத் தம்பி, பஞ்சு வியாபாரி, அப்போது பசித்திருந்தவர். திரைமுன் நின்று, "மம்சாபுரத்து மாப்பிள்ளைக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க ஒனக்குச் சம்மதமாம்மா?" என்றார்.

பதிலுக்குச் சற்று நேரம் நின்றார். பிறகு பந்தலை நோக்கித் திரும்பினார்.

கன்னிப்பெண் கூச்சத்தால் பேசாதிருந்தால், அதையே சம்மதமாகக் கொள்வது வழக்கம். காது நன்றாயிருந்தால் அல்லா பிச்சையும் உடன் திரும்பியிருப்பார். இப்போதோ, அந்த அமைதி மைமூனுடையதா, தம் காதுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை. (இவ்விடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மீதியை நின்றபடியே எழுதுகிறேன்.)

தலை பாதி ஆடியது. குடை நினைவுக்கு வந்தது. தலை நின்றது.

"எனக்குக் கேக்கலை!" என்றார். காதடைத்தவர் தம் குரலின் அளவை அறிவதில்லை. பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

சேக் முகைதீன் அவர் காதில் இரைந்தார்: "என்ன மச்சான் கேக்கலை? புள்ள ஒண்ணுமே சொல்லலியே!"

"ஒண்ணும் சொல்லலைன்னா நான் எதுக்குச் சாட்சி?"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கிளம்பியது: "ஏட்டி, தைலக்காரருக்கே காதடைப்பாம்டி!" சிரிப்பு பந்தலை ஒரு சுற்று சுற்றியது. அது மட்டும் அவருக்கு எப்படியோ எட்டியது.

"ஆமா, அடைப்புத்தான்! கடைய மூடுனாலும் மூடுதேன். மைமூனு, ஒன்ன விசாரிக்கேம்மா. வாயத் தொறந்து சொல்லு!"

5

முதல் முடிவு: பஞ்சு அக்கணமே வெளியே விழுகிறது. ஊறிய பஞ்சு அப்படி விழாது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: மைமூன் நாணத்தோடு, மெல்ல... இல்லை. மெல்லச் சொன்னால் அவருக்குக் கேட்காது.

எழுதி நிற்பது இவ்வளவே. திரை அசைந்தது. வளையல் அணிந்த கை ஒன்று வெளியே வந்தது. அல்லா பிச்சையின் வலக்காதைப் பற்றித் திரையோரம் இழுத்தது. மைமூன் அதில் வாய்வைத்துச் சொன்னாள். அவர் நிமிர்ந்தார். இம்முறை தலையாட்டவில்லை. சபையை நோக்கி வாய் திறந்து, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

நான் பந்தலின் கடைசி வரிசையில் நின்றிருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. என் சொட்டு மருந்து இன்னும் அந்தக் கடை மேசைமீதே இருக்கிறது.

நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். அவள் சொன்னது சம்மதமா, மறுப்பா? சொல்லுங்கள், தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.