அனுப்பியவருக்கே திருப்பி

தந்திக் கருவியில் எழுத்து வராது, சத்தம்தான் வரும். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் காந்தம் ஒரு சிறு தண்டைக் கீழே இழுக்கும்: டக். மின்சாரம் நின்றால் சுருள்வில் அதை மேலே தூக்கும்: டிக். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறுகினால் புள்ளி, நீண்டால் கோடு. பழகிய காதுக்கு அது பேச்சு மாதிரியே கேட்கும். திருப்பதிக்கும் சித்தூருக்கும் போகும் செய்திகள் ஒரே கம்பியில் ஓடியதால், வழியில் ஒரு சின்னத் தபாலாபீஸில் உட்கார்ந்திருந்த யேசுபாதத்துக்கு, வேண்டாமென்றாலும் எல்லாம் கேட்கும்.

கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் சட்டம். யேசுபாதம் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காசுக்காக அல்ல. ஏகாம்பரத்தின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "ஒருத்தர் வூட்ல சமாச்சாரம்..." என்று ஆரம்பித்ததும், எதிரே இருப்பவரின் டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நிற்குமே, அதற்காக.

கடைக்கு எதிரே பூ விற்கும் ரத்தினம்மாவின் மகன் பம்பாயில் இறந்தபோது, தந்தி வீட்டுக்குப் போகும் முன்பே செய்தி சந்தைக்குப் போய்விட்டது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் காய்க்காரி துக்கம் கேட்டாள். வேறு யாரையோ சொல்கிறாள் என்று ரத்தினம்மா சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைக் கேள்விப்பட்ட அன்று யேசுபாதம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நேரே போய், "நான்தாம்மா சொன்னேன், மன்னிச்சிரு" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு மகளுக்குத் தந்தி கொடுக்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்டு அழுதார். புதன்கிழமை அதே பெஞ்சில் உட்கார்ந்து, முறிந்துபோன ஒரு நிச்சயதார்த்தத்தைப் பற்றிச் சொன்னார்.

"நான் விசுவாசியே இல்ல போலக்கீது, எஸ்தரு" என்றார் மனைவியிடம். "பதினோரு வருஷமா மன்னிப்பு கேட்டுக்கினு கீறேன். நெஜமான விசுவாசம்னா இந்தப் பழக்கம் இந்நேரம் வுட்டிருக்காதா?"

எஸ்தர் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "கம்பி அறுந்துபோனா அந்தப் பொட்டி சத்தமே போடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒங்களுக்குள்ள இன்னும் சத்தம் கேக்குது இல்ல?"

அவர் எல்லாம் செய்து பார்த்திருந்தார். வாயில் கிராம்பை அடக்கினார், தெருவைச் சுற்றிக்கொண்டு போனார். அடக்கிய செய்தி உள்ளேயே ஊதிப் பெருத்து, நான்காம் நாள் இரண்டு பங்காக வெளியே வந்தது.

தந்தியில் ஒரு வழக்கம் உண்டு. கடினமான பெயரோ எண்ணோ வந்தால், வாங்கியவர் அதை அனுப்பியவருக்கே திருப்பித் தட்டிக் காட்ட வேண்டும். ஒருநாள் முனிரத்தினம் என்ற பெயரைச் சித்தூருக்குத் திருப்பித் தட்டும்போது யேசுபாதத்தின் கை நின்றது. வந்த செய்தியை உள்ளே பூட்டி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதுவும் திரும்பிப் போகிறது. ஆனால் ஒரே திசையில், அனுப்பியவரிடம் மட்டும்.

அன்று அவர் முதல்முறையாக ஒரு தந்தியை, அதைத் தன் காதில் போட்ட ஆண்டவரிடம் திருப்பிச் சொன்னார். "முனிரத்தினத்தோட சம்சாரம் ஆஸ்பத்திரில கீது. கூட இரும்." சொல்லி முடித்ததும் நாக்கின் அரிப்பு அடங்கியிருந்தது. கருவியில் கேட்ட ஒவ்வொரு பெயருக்கும் அப்படியே செய்தார். முதல் மாதம் இரண்டு தடவை தவறினார். தவறியதையும் ஆண்டவரிடமே திருப்பிச் சொன்னார். மூன்றாம் மாதம் டீக்கடையில் டீ மட்டுமே குடித்தார்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். எந்த ஊர் மெட்ராஸுக்கு, எது ஆந்திராவுக்கு என்று எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. ஊர் சார்பாக மனு போட்டிருந்த கோவர்த்தனனுக்கு ஒரு மதியம் வக்கீலிடமிருந்து தந்தி வந்தது. தந்தி கொண்டுபோகும் கங்கையா வெளியூர் போயிருந்தான். யேசுபாதமே கவரை ஒட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோவர்த்தனன் வீட்டுக்கு டீக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"இன்னா சாரு, கையில?" என்றார் ஏகாம்பரம்.

"தந்தி."

"அது தெரியுது. நாம மெட்ராஸா, ஆந்திராவா? செப்பண்டி."

"கோவர்த்தனனைக் கேளு."

"தலையாச்சும் ஆட்டு சாரு. மெட்ராஸுன்னா மேல கீழ, ஆந்திரான்னா பக்கவாட்டுல."

பெஞ்சு முழுவதும் கிளாஸ்கள் நடுவழியில் நின்றன. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் அவருக்குக் கிடைத்ததில்லை. யேசுபாதத்தின் கழுத்து விறைத்தது. உதடு மட்டும் அசைந்தது. ஆண்டவரிடம் கோவர்த்தனன் பெயரைச் சொன்னார். பிறகு பெஞ்சில் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இன்னாமோ முணுமுணுக்கறாரு. தெலுங்கா தமிழான்னு கவனிங்கடா, அதுல தெரிஞ்சிடும்" என்றது ஒரு குரல்.

எல்லாரும் சிரித்தார்கள். யேசுபாதமும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தார். கவரைக் கோவர்த்தனன் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அவர் பிரித்துப் படிக்கும் முகத்தைப் பார்க்க நிற்காமல் திரும்பினார். கால்கள் சின்னப் பையனுடையவை போல லேசாக இருந்தன.

சற்று நேரத்தில் தெருவில் இரைச்சல் கிளம்பியது. செய்தி அதற்கு உரியவர் வாயிலிருந்தே வெளியே வந்திருந்தது.

தபாலாபீஸ் ஜன்னலில் நிழல் விழுந்தது. ரத்தினம்மா நின்றிருந்தாள், பூக்கூடையோடு.

"எம் பொண்ணுக்கு ஒரு தந்தி அடிக்கணும். எனக்கு எழுத வராது. நான் சொல்றேன், நீ எழுதிக்கோ நைனா."

"திருப்பதி பஸ்ஸு இன்னும் போகலியேம்மா" என்றார் அவர்.

"போனா போவட்டும். ஒம்மூஞ்சியதான் டீக்கடைக்கு எதிர்லேர்ந்து பாத்துக்கினு இருந்தேனே." ஜன்னலுக்குள் தலையை நீட்டி, தாழ்ந்த குரலில் நாலு வரி சொன்னாள். யேசுபாதம் எழுதினார்.

"சரியா எழுதினியா? எங்க, திருப்பிச் சொல்லு."

அவளுக்கு மட்டும் கேட்கும்படி திருப்பிச் சொன்னார்.