தலைகீழா நின்ன நாத்துமுடி

நாடகத்துக்குக் கட்டுனதை நாடகத்தோட அவுத்திருக்கணும். ஆஷ்லினுக்கு அது மறுநாள் காலையிலதான் உறைச்சுச்சு.

அவ ஊர்ல ஒரு காலத்துல நடவுப் பொம்பளைங்க கூலி கேட்டு வேலையை நிறுத்துனாங்க. ஒரு நாத்துமுடியை வேர் மேல பாக்கக் கழியில கட்டி வரப்பு முனையில ஊணிடுவாங்களாம். அதைத் தாண்டி எவளும் வயல்ல கால் வைக்கமாட்டா. அந்தக் கதையைத்தான் மாதா கோயில் திருவிழாவுக்கு டேவிட்சன் அண்ணன் நாடகமாப் போடுறாரு. பத்தாவது படிக்கிற ஆஷ்லின்தான் அதுல தலைவி. போஸ்டருக்கு போட்டோ வேணும்னு துரைராசு வயல்ல போய் நெசமாவே நாத்தைக் கட்டி ஊணுனா. போட்டோ நல்லா வந்த குஷியில புடுங்க மறந்துட்டா.

விடிஞ்சு நடவுக்கு வந்த ஈஸ்வரி அக்கா கோஷ்டி அதைப் பாத்துச்சு. ஒருத்திகூட இறங்கல. அப்படியே வரப்புல உக்காந்துட்டாங்க.

"யாருடி வச்சது?"

"எவ வச்சா என்னா? நாம கேக்க வாயில்லாம கெடந்தோம், அவ கேட்டுட்டா."

துரைராசு புல்லட்டை நிறுத்திட்டு வந்தாரு. கத்தியிருந்தாக்கூடத் தேவலை. மெதுவாக் கேட்டாரு. "பறிச்ச நாத்து காயுது. எவ கட்டுனா?"

பஸ்ஸுக்குப் போற வழியில ஸ்கூல் பையோட நின்ன ஆஷ்லின் முன்னால வந்தா. "ஐயா, அது வந்து... நாடகத்துக்கு..."

ஈஸ்வரி அக்கா அவ கையை நறுக்குன்னு கிள்ளுனா. "பஸ்ஸு போயிடும், ஓடுடி!" அப்புறம் எந்திரிச்சு, சேலையை இழுத்துச் சொருகுனா. "நான்தாங்க கட்டுனேன். கூலியை ஏத்திக் குடுங்க, அவுக்குறேன்."

பின்னால ஒருத்தி குலவை போட்டா. துரைராசு சிரிச்சாரு. "நீதானா? சரி ஆயி, பாத்துக்குறேன்."

சாயங்காலம் ஆஷ்லின் பஸ்ஸை விட்டு இறங்குறா, தெருமுனையில நம்பர் இல்லாத பைக்கு. ரெண்டு பேரு. ஹெல்மெட்டைக் கழட்டல.

"பாப்பா, நடவு ஈஸ்வரி வீடு எது?"

எதிர்லயே, தெறந்த வாசல்ல ஈஸ்வரி அக்கா குனிஞ்சு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. ஆஷ்லின் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அம்மா கோயிலுக்குப் பாட்டு பழகப் போயிருக்கும், வீட்டுல யாரும் இல்ல.

"அதோ, கடைசியில... பச்சைக் கதவு."

பைக்கு மெதுவா நகந்துச்சு. அவளும் பின்னாலயே நடந்தா. பூட்டுன அந்தக் கதவுக்குச் சாவி அவகிட்டதான் இருந்துச்சு.